வெளுத்துப் போன படை

என் அக்காவின் கணவருக்கு, அதாவது என் மச்சானுக்கு, பகலெல்லாம் ஊரார் வாய்க்குப் பல்செட் செய்கிற வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் குதிரைக்குப் பல் வைப்பார். பொய்யில்லை. கட்டைவிரல் உயரத்தில் ஒரு பிளாஸ்டிக் வீரன், அவன் ஏறிய குதிரை, அந்தக் குதிரையின் திறந்த வாய், அதற்குள் நாலே முடி உள்ள தூரிகையால் ஒரு வெள்ளைக் கோடு.

"யாரு மச்சான் குதிரை வாய்க்குள்ள எட்டிப் பாக்கப் போறா?" என்று கேட்டேன்.

"குதிரைக்குத் தெரியும்ல மாப்ள" என்றார்.

கவசமும் ஈட்டியுமாகச் சண்டை போட்ட காலத்துப் படை ஒன்றை அவர் நாலு வருஷமாகத் திரட்டிக்கொண்டிருந்தார். மேசைமேல் புல்வெளி விரித்து, பகடை உருட்டி, அங்குலக் கணக்கில் நகர்த்தி ஆடுகிற போர் விளையாட்டுக்கு. கை, கால், தலை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் தனித்தனியாக வரும். வெட்டி எடுத்து, அச்சு விட்டுப்போன கோடுகளைப் பல்செட் பட்டறையில் தேய்ந்துபோன கருவியால் சுரண்டி, ஒட்டி, கறுப்பு அடித்து, அப்புறம்தான் வண்ணம். மொத்தம் அறுபது பேர். வண்ணம் பூசாத பொம்மையை, ஞாயிறுதோறும் இந்த விளையாட்டு ஆடக் கூடுகிற அவருடைய மன்றத்தில் மேசையேற்ற விடமாட்டார்கள். அதனால் நாலு வருஷமும் மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துவிட்டே வந்தார். அந்தப் பொறுமையில் கால்வாசி எனக்கு இருந்திருந்தால் கிடங்கு வேலை போயிருக்காது.

கிடங்கில் நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினேன். அவசரப்பட்டுப் பின்னால் எடுத்ததில் ஒரு வரிசை அலமாரியே சரிந்தது. ஆளுக்கு அடியில்லை, வேலைக்குத்தான் அடி. அக்கா வீட்டில் வந்து ஒண்டிய பிறகு டம்ளரைக்கூடப் பயந்து பயந்துதான் எடுத்தேன். என் கை பட்டால் எதுவும் விளங்காது என்று எனக்கே தோன்றிவிட்டது. அப்படிப்பட்டவன் கையில் மச்சான் தூரிகையைக் கொடுத்தார்.

"பூட்ஸுக்கு மட்டும் பழுப்பு அடி. தப்பானா மேல அடிச்சுக்கலாம்."

தப்பாகத்தான் அடித்தேன். மேலே அடித்துக்கொண்டோம். நாற்பது ஜோடி பூட்ஸ் முடிவதற்குள் எனக்கு ஒழுங்காகத் தூக்கம் வர ஆரம்பித்திருந்தது.

அறுபதாவது ஆளும் முடிந்த வெள்ளிக்கிழமை மச்சான் துள்ளினார். "ஞாயித்துக்கிழமை முதல் ஆட்டம் மாப்ள. வெளுத்துக் கட்டணும்!"

பெயின்ட் உரியாமலிருக்க மேலே அடிக்கிற வார்னிஷ் ஸ்ப்ரே மட்டும் பாக்கி. சனிக்கிழமை காலை அவர் வேலைக்குப் போனதும், நானே அடித்து வைத்தால் சந்தோஷப்படுவாரே என்று நினைத்தேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டுச் செய்தால் நான் நானில்லையே! வெளியே தூறல். பால்கனியில் படையை நிறுத்தி ஒரு டப்பாவைக் காலி செய்தேன். ஈரக் காற்றில் அதை அடிக்கவே கூடாதாம், யாருக்குத் தெரியும்? காய்ந்தபோது சிவப்பும் மஞ்சளும் போய், மாவு மில்லில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள்போல் அறுபது பேரும் வெள்ளையாக நின்றார்கள்.

அக்கா எட்டிப் பார்த்தாள். "அவரு நாளைக்குத்தானடா வெளுத்துக் கட்டணும்னாரு. நீ இன்னிக்கே வெளுத்துட்டியே!" சொல்லிவிட்டுச் சிரித்தாள், அப்புறம் அவளுக்கே கண் கலங்கிவிட்டது. நான் போய்ப் பையில் துணிகளை அடைத்தேன். நாலு வருஷத்தை அரை மணியில் கெடுத்தவன் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அந்த வீட்டில் இருப்பது?

மத்தியானம் மச்சான் வந்தார். நேரே பால்கனிக்குப் போனார். ஒரு வீரனை எடுத்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார். திரும்பியபோது என் தோளில் பை.

"எங்க கிளம்பிட்ட?"

"தெரியல மச்சான்."

"தெரியலன்னா உக்காரு. சமையல் எண்ணெயும் காது குடையிற பஞ்சுக் குச்சியும் எடு. அறுபது பேருக்கும் நான் ஒத்த ஆளா எண்ணெய் தேச்சுவிட முடியுமா?"

பெயின்ட் அப்படியேதான் இருந்தது. மேலே படிந்த வார்னிஷ்தான் மூடியிருந்தது. எண்ணெய் பட்ட இடத்தில் சிவப்பு மெல்லத் திரும்பி வந்தது. மூவருமாக உட்கார்ந்து தேய்த்தோம். மச்சான் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு எகிறியிருப்பேன், என் வாய் எனக்குத் தெரியாதா? ஐம்பத்தேழு பேர் தேறினார்கள். மூன்று வில்லாளிகள் மட்டும் என்ன செய்தும் தேறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எதிரே ஆட நின்ற தபால்காரர் அந்த மூவரையும் உற்றுப் பார்த்தார். "இவங்களுக்குப் பெயின்ட் அடிக்கலையா?"

"அடிச்சாச்சு. உங்க படையப் பாத்து முகம் வெளுத்துட்டாங்க" என்றார் மச்சான். மன்றமே சிரித்தது. மூவரும் மேசையேறினார்கள்.

அங்கே ஒரு வழக்கம். ஒருவர் படையை இன்னொருவர் தொடமாட்டார். பெற்ற பிள்ளையானாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பார்க்கவேண்டும். நானும் அப்படித்தான் நின்றேன், மற்றவர்களைவிட இரண்டடி தள்ளியே. மச்சான் பகடையை உருட்டினார். பிறகு எல்லோர் முன்னாலும் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மாப்ள, குதிரைப் படைய எட்டு அங்குலம் முன்னால நகத்து."

"நானா?"

"பின்ன? நம்ம படைதானே."

நன்றி என்கிற அந்த ஒரு வார்த்தை இன்றுவரை என் வாயிலிருந்து அவரிடம் வரவில்லை, எனக்கு இருப்பது அவ்வளவு நன்றி. பின்னால் கட்டியிருந்த கைகளை அவிழ்த்து, ஒவ்வொரு குதிரையாக எடுத்து வைத்தேன். ஒன்றுகூட விழவில்லை.