ஆளெண்ணிப் பாறையின் துண்டு

பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். திண்டுக்கல்லில் இருபத்தாறு வருடமாகக் கணக்கு வாத்தியார். தினமும் டைரி எழுதுகிறவன், மழை பெய்தால்கூட நேரம் போட்டுத்தான் குறிப்பேன். நீங்கள் நம்பப் போவதில்லை என்று தெரியும். இருந்தாலும் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

என் மனைவி ஸ்டெல்லா ராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரைக்காரி. ஆசிரியர் பயிற்சியில் பழகிக் கட்டிக்கொண்டோம். அவளுடைய அண்ணன் அருளப்பன் மீன் பிடிக்கிறவர். அவர்கள் ஊர்க் கரையிலிருந்து கடலுக்குள் நீண்டு ஒரு கரும்பாறை கிடந்தது. ஆளெண்ணிப் பாறை என்பார்கள். அலையின் வேகம் அதில்தான் உடையும், அதைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டால் படகுக்குப் பயமில்லை. அதனால் கடலிலிருந்து திரும்புகிற ஒவ்வொருவரும் பாறையைக் கடக்கும்போது தன் பெயரைச் சொல்லி, 'வந்துட்டேன்' என்று குரல் கொடுக்க வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் கரையில் நிற்பவர்களுக்கு மூச்சு வரும். அந்தப் பாறையிலிருந்து ஒரு சில்லைக்கூட யாரும் பெயர்க்கமாட்டார்கள்.

நான் பெயர்த்தேன். மின்விசிறிக் காற்றில் டைரித் தாள் பறக்கிறது, மேலே வைக்க ஒரு கல் வேண்டும், அவ்வளவுதான். மச்சான் பார்த்துவிட்டார்.

"ஒரு மலையவே ஊருக்குள்ள வச்சுக்கிட்டு இங்க வந்து கல்லு பொறுக்குறீகளே மாப்ள!" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "அடுத்த தடவ வாறப்ப கொண்டாந்து வச்சிருங்க" என்றார்.

நான்கு முறை போனேன். நான்கு முறையும் மறந்தேன். மறந்ததும் டைரியில் இருக்கிறது.

பிறகு படகுத்துறை கட்டுகிறோம் என்று பாறையை உடைக்க வந்தார்கள். மச்சான் மனு மேல் மனு கொடுத்தார், ஊரைக் கூட்டிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தார், ஒன்றும் நடக்கவில்லை. வெடி வைத்து அடிவரை எடுத்துவிட்டார்கள். அன்று போனில், "இனி யாருகிட்ட மாப்ள பேரு சொல்றது?" என்று கேட்டார்.

அடுத்த ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, பிற்பகல் மூன்று நாற்பது. விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா ஈரக் கையோடு அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

"அண்ணன் எங்க?"

"யாரும் வரலையே."

"வெளையாடாதீக. 'அருளப்பன் வந்துட்டேன்'னு இந்த ரூமுக்குள்ளதான் சத்தம் கேட்டுச்சு."

எனக்கும் கேட்டிருந்தது. மேசையைப் பார்த்தேன். கல்லிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது, அடியில் டைரி ஊறிப்போயிருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

ஆறு மணிக்குப் போன் வந்தது. பாறை இருந்த இடத்தில் அலை மச்சானின் படகைப் புரட்டிவிட்டது. கரையில் நின்றவர்கள் கண்ணெதிரே, மூன்றே முக்காலுக்குச் சற்று முன்பு. உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

கல்லை எடுத்துக்கொண்டு ஐந்தாவது முறையாகப் போனேன். வைப்பதற்குப் பாறை இல்லை, கான்கிரீட்தான் இருந்தது. கடலிலாவது போட்டுவிடலாம் என்று கையை ஓங்கினேன். ஸ்டெல்லா பிடித்துக்கொண்டாள்.

"இதையும் போட்டுட்டா அண்ணன் எங்க வரும்?"

மச்சானின் மனைவி இன்னும் தினமும் கரையில் போய் நிற்கிறார். மச்சான் தன் பெயர் சொல்லி வந்து சேர்ந்தது இங்கே, கடலே இல்லாத ஊரில், என் மேசைக்கு என்று அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வேன்?

கல் மேசையில்தான் இருக்கிறது. இன்று காலை ஆறு பத்துக்குத் தூக்கிப் பார்த்தேன். தினமும் எழுதுவதைத்தான் இன்றும் டைரியில் எழுதினேன்: அடியில் இன்னும் ஈரம்.