என் அளவுக்கு ஒரு கம்ப்யூட்டர்

செஸ் விளையாட எனக்கு ஆள் இல்லாமல் போனதற்குக் காரணம் ஒரு தகரம். பீர்மேட்டுப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்து வீட்டில் இருந்தோம். அடுத்த வீடு பெரியப்பாவுடையது. நடுவில் ஒற்றைச் சுவர்தான். பெரியப்பா மாட்டுக் கொட்டகைக்குப் புதுத் தகரம் போட்டார். மழை பிடித்ததும் அதிலிருந்து விழுந்த தண்ணீரெல்லாம் எங்கள் அடுக்களைக்குள் வந்தது. அப்பா கேட்டார், பெரியப்பா பதிலுக்குக் கேட்டார், அவ்வளவுதான். இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. குழம்புக் கிண்ணம் போய்வருவதும் நின்றது. அம்மாவுக்குத்தான் அது தாங்கவேயில்லை. எனக்கோ வேறு கவலை. தினமும் சாயங்காலம் என்னோடு செஸ் விளையாடிய ஒரே ஆள் பெரியப்பாதான்.

ஆன்லைன் வகுப்புக்கென்று வாங்கிய போனில் கம்ப்யூட்டரோடு விளையாடிப் பார்த்தேன். முதல் லெவலில் அது சும்மா சும்மா ராணியைக் கொண்டுவந்து என் குதிரை வெட்டும் கட்டத்தில் நிறுத்தியது. ஜெயிக்க எனக்கே வெட்கமாக இருந்தது. இரண்டாம் லெவலில் என்னைச் சுருட்டி மூலையில் போட்டது. என்னைப் போன்ற சுமாரான ஆட்களுக்கு நடுவில் ஒரு லெவல் வைக்க எவனுக்கும் தோன்றவில்லை. சோறு வேண்டாம் என்று அழுதேன்.

சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டும் மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். என் புலம்பலைக் கேட்டுவிட்டு, போனை வாங்கிக்கொண்டு வெளியே போனார். பெரியப்பா வீட்டில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"இந்தா, ஒன் அளவுக்கே ஒரு கம்ப்யூட்டர் பிடிச்சிருக்கேன். ஆனா சாயங்காலம்தான் வெளையாடும், பாத்துக்கோ" என்றார்.

அருமையான கம்ப்யூட்டர் அது. சில நாள் அது ஜெயித்தது, சில நாள் நான். நன்றாக யோசிக்கும், யோசித்துவிட்டுத் தப்பாகவும் ஆடும். பெரியப்பா வீட்டு மாடு கத்தினால் மட்டும் பாதியில் நின்றுவிடும். பால் கறக்கிற நேரம் கழிந்துதான் அடுத்த காயை நகர்த்தும். இந்த மலையில் நெட்வொர்க் இவ்வளவுதான் என்று நானும் பொறுத்துக்கொண்டேன்.

ஒருநாள் சாயங்காலம் அதன் ராணியை வெட்டினேன். வெட்டிய கையோடு சுவருக்கு அந்தப் பக்கம் பெரியப்பா "அடச்சே" என்றார். ஃபேக்டரியிலிருந்து வந்து டீ குடித்துக்கொண்டிருந்த அப்பா சுவரைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த போனைப் பார்த்தார். எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, ஆட்டத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் சுவரைப் பார்த்துச் சொன்னார்:

"ராணி போனா போவட்டும்ணே. யானை ரெண்டும் நிக்குதுல்லா."

கொஞ்ச நேரத்தில் போனில் யானை நகர்ந்தது.

எனக்கு வந்ததே கோபம். பெற்ற மகளை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்கிறார், அதைப் போய் அண்ணன் என்று வேறு கூப்பிடுகிறார்! நியாயம் கேட்க அடுக்களைக்கு ஓடினேன். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பாவம், நான் தோற்றுவிடுவேன் என்று பயந்துவிட்டாள் என நினைத்து, "அழாதம்மா, எங்கிட்ட இன்னும் ராணி இருக்கு" என்று தேற்றினேன்.