அந்த ஜீப்பில் வயர் போட்டது நான்

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜபருல்லா பாயின் மரணத்தை அறிவித்தபோது, நான் ஒரு காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் புது ஸ்பீக்கர்களைச் சோதித்துக்கொண்டிருந்தேன். பாட்டுச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. டீக்கடைக்காரர் வந்து கண்ணாடியைத் தட்டினார். "ஒங்க பாய் போயிட்டாராம்ண்ணே" என்றார். 'ஒங்க பாய்' என்ற சொல்தான் முதலில் குத்தியது.

போடியில் ஜீப் ஓட்டுகிறவர்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்காது. நாங்கள் இருவரும் பதினோரு வருடம் ஒரே ஷெட்டில் இருந்தோம். ஊர் அதை 'பாய் ஷெட்' என்றே சொல்லும். வண்டிகளின் மின்சார வேலை அவருடையது. ஸ்டீரியோ, ஸ்பீக்கர் விற்று மாட்டுவது என்னுடையது. வயர் இழுப்பதை மட்டும் அவரிடம் விட்டுவிடுவேன். ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் தடித்த வயரில், பேட்டரியை விட்டு ஒரு சாண் தள்ளுவதற்குள் ஃபியூஸ் வைத்துவிடுவார். தகரத்தில் வயர் நுழையும் ஓட்டைக்கு ரப்பர் வளையம் போடுவார். சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தால் ஆம்ப்ளிஃபயரும் அணைந்துவிடும்படி ஒரு ரிலே வைப்பார்.

"பீஸு ஆம்பக் காப்பாத்துறதுக்குன்னு நெனைக்காத மாப்ளே. அது வயருக்குக் காவலு. வயருதான ஆளுக காலடியில ஓடுது" என்பார்.

"பாய், நீங்க ரப்பர் போட்டு முடிக்கிறதுக்குள்ள வண்டிக்காரனுக்குப் பேரன் பொறந்துருவான்" என்று கேலி செய்வேன். சிரிப்பார். வேகத்தைக் கூட்ட மாட்டார்.

ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகளில் பாட்டு இல்லாமல் ஆகாது. காலையில் மலையேறும் பெண்கள் நல்ல பாட்டுப் போடும் வண்டியாகப் பார்த்துத்தான் ஏறுவார்கள். பாய் வெளியூர் போயிருந்த ஒரு நாளில், ஆம்ப்ளிஃபயர் மாட்டச் சொல்லி ஒரு டிரைவர் வந்தார். "பீஸ சீட்டுக்கடியில வையிண்ணே. பீஸு போனா மழையில போடிமெட்டு வளைவுல எறங்கி எவன் பானட்டத் தொறக்குறது?" என்றார். அவர் சொன்ன இடத்திலேயே வைத்தேன். பேட்டரியிலிருந்து சீட்டு வரைக்கும் வயருக்குக் காவல் இல்லை என்று எனக்குத் தெரியும். ரப்பர் வளையமும் போடவில்லை. மத்தியானத்துக்குள் வண்டியை அனுப்பிவிட வேண்டும் என்ற அவசரம், வேறு காரணமே இல்லை.

இரண்டு மாதத்தில் போடிமெட்டு ஏற்றத்தில் அந்த வயர் தகரத்தில் உரசித் தோல் கிழிந்து தீப்பிடித்தது. நல்லவேளை, எல்லோரும் தப்பினார்கள். புகையைப் பார்த்துக் குதித்த பாண்டியம்மாளுக்கு மட்டும் வலது மணிக்கட்டு முறிந்தது. ஏலக்காய் எடுக்கிற கை.

மறுநாள் வண்டி முதலாளி பாண்டியம்மாளையும் டிரைவரையும் கூட்டிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தார். முதலாளிக்குப் பயந்த டிரைவர், "பாய் ஷெட்டுலதான் மாட்டுனோம்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பாண்டியம்மாள் கட்டுப்போட்ட கையைப் பாயின் முகத்துக்கு நேராக நீட்டினார். "கண்ண எங்க வச்சுக்கிட்டு வேல பாத்தீரு? இந்தக் கைய வச்சு இனி என்னத்த எடுப்பேன்?" என்று தொடங்கியவர், சொல்லக் கூசுகிற வார்த்தைகள் வரைக்கும் போனார்.

கருகிய வயரைப் பார்த்ததும் பாய்க்கு விளங்கிவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பேசுவதற்காகக் காத்திருந்தார். நான் ஒரு ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, கழன்றிருக்காத திருகைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"நம்ம ஷெட்டு வேலதான்மா. தப்புதான்" என்றார் பாய்.

அத்தோடு ஜீப்புகள் அவரிடம் வருவது நின்றுபோயிற்று. என்னிடம் வந்தன. தேவாரம் சாலையில் டிராக்டர் வேலை பார்க்கப் போவதாகச் சொல்லி அவர் சாமான்களைக் கட்டிய அன்று, "அந்த வயரப் போட்டது நான்தான் பாய்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்ற? எனக்குத்தான் தெரியுமே. ஸ்டாண்டுல போயிச் சொல்லு மாப்ளே" என்றார். குரலில் கோபமே இல்லை.

ஜீப் ஸ்டாண்டு என் கடையிலிருந்து நூறடி. ஆறு வருடமாக அந்த நூறடியை நான் நடக்கவில்லை. அடக்கத்துக்குப் போன இடத்திலும், "தங்கமான மனுசன். அந்த ஒரு ஜீப்புலதான் கை தவறிருச்சு" என்று ஒருவர் சொன்னார். நான் தலையாட்டினேன். அவரை மண்ணில் வைத்த பிறகும் தலையாட்டினேன்.

மறுநாள் ஸ்டாண்டுக்குப் போய்ச் சொன்னேன். சிலர் காறித் துப்பினார்கள். இந்தச் செய்தி எட்டாத உங்களுக்காகவே இதை எழுதுகிறேன். பாய் ஒரு வயரைக்கூடத் தவறாக இழுத்ததில்லை.

பிறகு பாண்டியம்மாள் வீட்டுக்குப் போனேன். அந்த மணிக்கட்டு இன்னும் முழுதாகத் திரும்புவதில்லை. முழுவதையும் கேட்டார்.

"அன்னைக்கு அந்த ஏச்சு ஏசுனேனே, நீ பக்கத்துலதான ஒக்காந்திருந்த?"

"ஆமாத்தா."

என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். ஆனால் அவர் கேட்டதுதான் ஜபருல்லா பாயின் நினைவாக என்னிடம் இருக்கிறது.

"அந்த மனுசன்கிட்ட இனி நான் எங்க போயி மாப்புக் கேப்பேன்?"