கோவில்பிள்ளையும் கையெழுத்து நோட்டும்

என் மாமனாரின் சைக்கிளில் முன்கம்பியைச் சுற்றி எப்போதும் ஒரு பழைய துண்டு கட்டியிருக்கும். ஏறி உட்காரும் பிள்ளைகளின் தொடையில் கம்பி அழுத்தக் கூடாதென்று அவரே மடித்துச் சுற்றி, சணலால் இறுக்கிக் கட்டியது. துண்டு நைந்துபோனால் வேறு துண்டு வரும். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிதில் நான் துவைத்துக் காயப்போட்ட நல்ல துண்டு ஒன்று காணாமல் போய், இரண்டு நாள் தேடிவிட்டுப் பார்த்தால் அது சைக்கிள் கம்பியில் இருந்தது. கேட்டதற்கு, "புதுத்துண்டுன்னா பிள்ளைகளுக்கு மெத்துனு இருக்கும்ல ஆத்தா" என்றார். அதற்கு மேல் என்ன சண்டை போடுவது?

அவர் எங்கள் ஊர்க் கோவில்பிள்ளை. மாதா கோவிலில் மணியடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, பூசை உடுப்புகளைத் தேய்த்து மடித்து வைப்பது, யாராவது இறந்துபோனால் துக்கமணி அடித்துவிட்டுத் தெருத்தெருவாகப் போய்ச் சொல்வது எல்லாம் அவர் வேலை. சாவிக்கொத்தை இடுப்பில் செருகியபடி முப்பது வருடத்துக்கு மேல் அந்தக் கோவிலைக் காத்தவர். பங்குச்சாமிகள் வருவார்கள், மாற்றலாகிப் போவார்கள். இவர் மட்டும் அங்கேயே இருந்தார். ஊரில் பாதிப் பேர் அவர் சைக்கிள் கம்பியில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள்தான்.

அதற்குக் காரணம் இருந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் எங்களைப் போன்ற ஊர்களில் விடியுமுன்பே ஜீப்புகள் வந்து நிற்கும். பெண்கள் தூக்குவாளியோடு ஏறிக் கம்பம்மெட்டு வழியாகக் கேரளப் பக்கத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போவார்கள். திரும்ப இருட்டிவிடும். ஆண்கள் திராட்சைத் தோட்டத்திலோ வாழைத் தோப்பிலோ இருப்பார்கள். சனிக்கிழமை சாயங்காலம், முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகும் பிள்ளைகளுக்கான புதுநன்மை வகுப்பு ஐந்தரைக்கு முடிந்துவிடும். அம்மா வரும்வரை பிள்ளைகள் கோவில் வளாகத்தில்தான் விளையாடும். அந்தப் பக்கம் போகிறவர் யாராக இருந்தாலும் ஒரு பிள்ளையை அழைத்துக்கொண்டு போய் வீட்டில் விட்டுவிட்டுப் போவார். மிஞ்சிய பிள்ளைகளை என் மாமனார் இரண்டு மூன்று நடையாகச் சைக்கிளில் கொண்டுபோய் விடுவார். இதில் யாரும் குறை கண்டதில்லை. நானும்தான் காணவில்லை.

சில வருடங்களுக்கு முன் மறைமாவட்ட ஆயர் அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு பங்குக் கோவிலிலும் பிள்ளைகள் பாதுகாப்புக்கு ஒரு குழு வேண்டும், விதிகள் வேண்டும், பொறுப்பாளர் வேண்டும். பொறுப்பாளராக என்னைப் போட்டார்கள். நடுநிலைப் பள்ளி ஆசிரியை, குரல் பெரிது, எதையும் எழுதி வைக்கும் பழக்கம் உண்டு என்பதுதான் என் தகுதி. அப்போது இருந்த பங்குச்சாமி பேச்சோடு நிற்கிறவர் இல்லை. முதல் வேலையாகத் தன் அலுவலக அறைக்கதவின் மேல்பாதியை அறுத்தெடுத்துக் கண்ணாடி போட்டுவிட்டார். பூசைக்கு உதவும் பிள்ளைகள் உடுப்பு மாற்றும் அறைக்குத் திரை வந்தது. கதவைப் பூட்டக் கூடாது என்றானது.

நான் என் பங்குக்கு ஒரு நோட்டுப் போட்டேன். வகுப்பு முடிந்து பிள்ளையை அழைத்துப் போகிறவர் பெயர், உறவு, கையெழுத்து. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, பழுப்பு அட்டை போட்டு, அவ்வளவு பெருமை எனக்கு. ஒரு மாதம் கழித்து அந்த நோட்டை மாமனார் புரட்டிப் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "உறவுங்கிற கட்டத்துல பூராப் பேரும் மாமா, சித்தப்பா, பெரியப்பான்னு போட்டிருக்கானுக. இந்த ஊர்ல ஒருத்தனுக்கு ஒருத்தன் மாமன் மச்சானாத்தான இருப்பான்? இதை வச்சு யாரைத்தா நிறுத்தப் போற?" என்றார். எனக்கு மூக்குடைந்த மாதிரி ஆகிவிட்டது. ஆனால் அவர் சொன்னது உண்மை. வெளியூர்க்காரனைத் தடுக்க நான் போட்ட கட்டம் அது. எங்கள் ஊருக்குள் வெளியூர்க்காரன் வந்தால் தெரு நாயே சொல்லிவிடும். நோட்டு எதற்கு?

அதனால் முறையை மாற்றினோம். யார் யார் அழைத்துப் போகலாம் என்று பெற்றவர்களே முன்கூட்டி ஒரு சீட்டில் இரண்டு பெயர் எழுதித் தர வேண்டும். அதில் பெயர் இல்லாதவர், சொந்தத் தாய்மாமனே ஆனாலும், பிள்ளையைக் கொண்டுபோகக் கூடாது. கோவில் வேலை பார்ப்பவர்கள், வகுப்பு எடுப்பவர்கள், பாட்டு சொல்லித்தருபவர்கள் யாரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது, தனியாக அழைத்துக்கொண்டும் போகக் கூடாது. எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும்.

பெயர்ச் சீட்டுகள் வந்தன. பதினெட்டுப் பிள்ளைகளில் பதினொரு பேரின் சீட்டில் இரண்டாவது பெயராக "கோவில்பிள்ளை தாத்தா" என்று இருந்தது. விதிப்படி அந்தப் பெயரை நான் அடிக்க வேண்டும். வீட்டில் அவரை உட்கார வைத்துப் பக்குவமாகச் சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லப் பயந்துகொண்டு, ஞாயிறு பூசைக்குப் பிறகு நடந்த பெற்றோர் கூட்டத்தில், மைக்கில், "கோவில்பிள்ளை உட்பட யாருக்கும் விலக்கில்லை" என்று சொல்லிவிட்டேன். எனக்குக் குரல் பெரிது என்று சொன்னேன் அல்லவா. கூட்டம் முழுக்கத் திரும்பி அவரைப் பார்த்தது. அவர் மணிக்கயிற்றுப் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து சாப்பாடு வைத்தபோது ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நான் என்னத்தா செஞ்சேன்?"

"நீங்க ஒண்ணும் செய்யல மாமா. எல்லாருக்கும் போட்ட விதி" என்றேன்.

"சரித்தா" என்றார். மறுநாள் காலை சைக்கிள் கம்பியைப் பார்த்தேன். துண்டை அவிழ்த்திருந்தார். நான் அடுப்படிக்குள் போய் அழுதேன். செய்தது சரிதான் என்று தெரிந்தும் அழுகை வந்தது. என் கணவர் பேருந்து நடத்துநர், இரண்டு நாளைக்கு ஒருமுறை வீட்டுக்கு வருபவர். விஷயம் தெரிந்ததும், "அப்பாவையாடி?" என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு வார்த்தை ஒரு வாரம் என் காதில் இருந்தது.

அவர் விதியை மீறவும் இல்லை, முறுக்கிக்கொள்ளவும் இல்லை. சனிக்கிழமைகளில் பிள்ளைகள் "தாத்தா, சைக்கிள்" என்று ஓடிவந்தால், "டீச்சரம்மா வைவாக, அங்கன போயி வெளையாடுங்க" என்று அனுப்பிவிட்டு மணிக்கூண்டுப் படியில் போய் உட்கார்ந்துகொள்வார். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். முன்பெல்லாம் அப்படி உட்காரமாட்டார்.

ஒரு சனிக்கிழமை மலையில் நல்ல மழை. ஜீப்புகள் வரத் தாமதம். எல்லாப் பிள்ளைகளும் போய், ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி மட்டும் மாதா சிலை இருக்கும் கெபியின் கம்பி வேலியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அப்பா இல்லாத பிள்ளை. அம்மா ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர். நானும் மாமனாரும் இருந்தோம். அப்போது பைக்கில் ஒருவர் வந்தார். திருவிழாக் குழுவில் முக்கியமான ஆள். திராட்சைத் தோட்டம் உள்ளவர். சப்பரத்துக்கு அவர்தான் முன்னால் நிற்பார். அந்தப் பெண்ணின் அப்பாவுக்குப் பங்காளி முறை.

"டீச்சர், மதினிதான் பிள்ளையக் கூட்டியாரச் சொன்னாக. மழை வரப்போகுது. ஏறு பாப்பா" என்றார்.

அவர் பெயர் சீட்டில் இல்லை. எனக்குத் தெரியும். ஆனால் அவ்வளவு பெரிய மனிதரிடம் எப்படிச் சொல்வது? மழை வேறு தூறுகிறது. சித்தப்பா முறை வேறு. என் வாயில் "சரிங்கய்யா" என்றுதான் வந்தது. ஊரையே கூட்டி வைத்து மைக்கில் விதி சொன்னவள், பேனா மூடியைத் திறந்து நோட்டை நீட்டினேன்.

மாமனார் படியிலிருந்து எழுந்து வந்து பைக்குக்கு முன்னால் நின்றார்.

"சீட்டுல உங்க பேரு இல்லீங்களே ஐயா."

"என்ன கோவில்பிள்ள, வெளையாடுறியா? என்னைய நம்பமாட்டியாக்கும்?"

"என் மருமக என்னையவே நம்பல ஐயா. அப்புறம் உங்கள எப்படி நம்புவா?"

அவர் குரலில் கிண்டல் இல்லை, கோபம் இல்லை. இன்னும் சொல்லப்போனால் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அந்த மனிதர் என்னைப் பார்த்தார். நான் நோட்டை மூடினேன். அவர் ஏதோ சொல்லித் திட்டிக்கொண்டே வண்டியைத் திருப்பிப் போனார். வண்டிச் சத்தம் தேய்ந்த பிறகுதான் அந்தப் பெண் கம்பியை விட்டாள். அவள் உள்ளங்கை முழுக்கத் துரு.

அரைமணி நேரத்தில் அவள் அம்மா நனைந்துகொண்டு ஓடிவந்தார். "நான் யாரையும் அனுப்பலையே டீச்சர்" என்றார். அந்தப் பெண் அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "சித்தப்பா வண்டில போகமாட்டேம்மா, வழியில நிறுத்துறாக" என்றாள். மீதியை நான் எழுதமாட்டேன். அது அவளுடையது.

பொறுப்பாளர்களுக்கான பயிற்சியில் சொல்லித்தந்தபடி நடந்துகொண்டேன். கிளறிக் கிளறிக் கேள்வி கேட்கவில்லை. அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதினேன். "நீ சொன்னது நல்லது, உன் மேல தப்பே இல்ல" என்று சொன்னேன். பங்குச்சாமியிடம் போனேன். ஊருக்குள் பேசி முடிக்கலாம் என்று நாட்டாமைக்காரர்கள் வந்து நின்றபோது, "இது பேசி முடிக்கிற காரியம் இல்லை" என்று அவர் வாசலிலேயே சொல்லிவிட்டார். அன்றைக்கே அம்மாவையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு மகளிர் காவல் நிலையத்துக்குப் போனோம். பிறகு நடந்ததைச் சட்டம் பார்த்துக்கொண்டது. ஊரில் பாதி எங்களை ஏசியது. கோவிலுக்குக் கெட்ட பெயர் என்றார்கள். கெட்ட பெயர் வந்தால் வரட்டும் என்று பிரசங்கத்திலேயே சாமி சொன்னார்.

காவல் நிலையத்துக்குக் கொடுக்க என் பழைய நோட்டை எடுத்துப் புரட்டினேன். முதலில் போட்டது, பழுப்பு அட்டை. அதில் அந்தப் பெண்ணின் பெயருக்கு நேரே, உறவு என்ற கட்டத்தில், அழகான எழுத்தில் "சித்தப்பா". நான்கு இடத்தில். நான்கிலும் பக்கத்தில் என் சுருக்கொப்பம். அந்தப் பக்கங்களைப் பார்த்துக்கொண்டு நான் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. மாமனார் வந்து எட்டிப் பார்த்தார். நோட்டை மெல்ல என் கையிலிருந்து வாங்கி மூடி, சாமியிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, "எந்திரித்தா, சோறு வையி, பசிக்குது" என்றார். அந்த மைக் கூட்டத்துக்குப் பிறகு அவராகப் பசிக்கிறது என்று சொன்னது அன்றைக்குத்தான்.

மாமனார் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போதும் சனிக்கிழமைகளில் கோவில் வாசலில் நாங்கள் இரண்டு பேர் பெயர்ச் சீட்டுகளோடு நிற்கிறோம். இப்போதெல்லாம் யாரும் முகம் சுளிப்பதில்லை. புதிதாக வந்த மருமகன்கள்கூடத் தம் பெயர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் பிள்ளையைத் தொடுகிறார்கள். ஆனால் விதியால் எல்லாம் நன்மை என்று நான் மேடையில் பேசும்போதெல்லாம், ஒரு நல்ல மனிதரின் கையிலிருந்து பிள்ளைகளை நான் இறக்கிவிட்டதும் சேர்ந்தே நினைவுக்கு வரும். அந்தக் கணக்கு இன்னும் எனக்கு நேராகவில்லை. நேராக வேண்டும் என்றும் இப்போது நினைப்பதில்லை.

அந்த வருடப் புதுநன்மையைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. வெள்ளை உடுப்பும் தலையில் பூமுடியுமாகப் பிள்ளைகள் நன்மை வாங்கினார்கள். பூசை முடிந்ததும் பெரியவர்களிடம் போய் நெற்றியில் விரலால் சிலுவை அடையாளம் போட்டு வாங்கிக்கொள்வது எங்கள் ஊர் வழக்கம். மற்ற வருடங்களில் பெற்றவர்களுக்கு அடுத்து எல்லாப் பிள்ளைகளும் மாமனாரிடம்தான் ஓடும். அந்த வருடம் அவர் கூட்டத்தில் இல்லை. தேடிப் போனேன். கோவிலுக்குப் பின்னால், தேய்க்க வேண்டிய உடுப்புகளைக் கொடியில் போட்டுக்கொண்டு தனியாக நின்றார். நான் மூலையில் திரும்பும்போது, அன்று மழையில் கம்பியைப் பிடித்து நின்ற அந்தப் பெண் எனக்கு முன்னால் அங்கே போயிருந்தாள். அணைந்த மெழுகுவர்த்தி கையில் இருந்தது. அவருக்கு எதிரே முழங்கால் போட்டு, "தாத்தா, சிலுவை போடுங்க" என்று நெற்றியை நிமிர்த்திக் காட்டினாள்.

அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். சுற்றுமுற்றும் பார்த்தார். என்னைக் கண்டதும் அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"ஆத்தா, நல்லவேளை வந்த" என்றார். "இங்கன வந்து கொஞ்சம் நில்லுத்தா. பிள்ளை தனியா இருக்கா."

நான் போய் அவள் பக்கத்தில் நின்றேன். அதற்குப் பிறகுதான் அவர் கையை முன்னால் கொண்டுவந்து, வேட்டியில் இரண்டு முறை துடைத்துவிட்டு, அவள் நெற்றியில் சிலுவை போட்டார்.