மணலார் நீட்டிய தண்ணீர்

சனிக்கிழமைப் பின்னேரங்களில் நாங்கள் நால்வர் முன்னூற்றி நாலு என்ற சீட்டு விளையாடுவோம். டோர்செட் பார்க் என்ற பகுதியில் ஓர் அடுக்குமாடியின் கீழ்த்தளத்து பார்ட்டி ரூம்தான் இடம். அதே கட்டடத்தில் குடியிருந்த எங்கள் சிநேகிதி அந்த அறையைப் பதிவு செய்து தருவார். நான்கு பேர் ஆடும் சீட்டாட்டத்தில் அவர் ஐந்தாவது ஆள். அதனால் தேநீர் போடும் வேலை அவருக்கு விழுந்தது. தேநீர் வேண்டுமா என்று கேட்பார். நால்வரும் வேண்டாம் என்போம். அவர் கொண்டுவந்து வைப்பார், நாங்கள் குடிப்போம்.

அவருக்கு பிறம்ரன் நகரில் ஒரு லொறிக் கம்பனியில் வேலை. நாள் முழுக்கத் தொலைபேசியில் சாரதிகளிடம் எங்கே நிற்கிறீர்கள், எப்போது வந்து சேருவீர்கள் என்று கேட்பதுதான் தொழில். அந்த வேலைக்கிடையில் ஒரு குளிர்காலம் முழுவதும் அவர் மனத்துக்குள் ஒரு பாலைவனத்தை உண்டாக்கியிருக்கிறார் என்பது எங்களுக்குத் தெரியாது. அதில் ஓர் எல்ஃப் இனம். கூர்மையான காது, மிக நீண்ட ஆயுள். மேல்நாட்டு மாயக்கதைகளில் எல்ஃபுகள் காட்டில் வாழ்பவர்கள். இவர் அவர்களை மணலுக்குக் கொண்டுவந்து, மணலார் என்று பெயரும் வைத்திருந்தார். ஒரு சனிக்கிழமை சீட்டைப் பிரிக்குமுன் அவரே இதைச் சொன்னார்.

"மரமே இல்லாத இடத்திலை எல்ஃப் என்ன செய்யும், தங்கச்சி?" என்று கேட்டார் எங்களில் மூத்தவர். நகரப் பேருந்து ஓட்டுபவர். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணை என்போம்.

"நடக்கும், அண்ணை."

அந்த ஒரு சனிக்கிழமையை மட்டும் தனக்குத் தரும்படி சிநேகிதி கேட்டார். அவர் கதை சொல்வார். நாங்கள் நால்வரும் அந்தக் கதைக்குள் ஆளுக்கொருவராக இருந்து, என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். சந்தேகமான இடத்தில் பகடை உருட்டலாம். தேநீர் நேரத்துக்குள் பிடிக்காவிட்டால் சீட்டுக்குத் திரும்பிவிடலாம். பிறகு மணலாரைப் பற்றித் தான் வாயே திறக்கப் போவதில்லை என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்று வழக்கத்துக்கு மாறாகக் கேத்தலில் தண்ணீர் வைக்காமல் வந்து உட்கார்ந்திருந்தார். அண்ணை ஒப்புக்கொண்டு, சீட்டுக்கட்டை மேசையில் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தார்.

வாரப் பத்திரிகையில் செய்தி எழுதிய பழக்கத்தில் நான் கேள்விகளைத் தொடங்கினேன். எல்லாவற்றுக்கும் தாள் பார்க்காமல் பதில் வந்தது. மணலாரின் கூடார வாசல் அடுத்துப் போகவிருக்கும் திசையைப் பார்த்திருக்கும். வந்த திசைக்கு முதுகு. எங்கிருந்து வருகிறாய் என்று யாரிடமும் கேட்பது மரியாதைக் குறைவு. நாள் முழுக்க அதையே கேட்டு அலுத்த ஒருவர் உண்டாக்கிய மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். குழந்தை பிறந்ததும் பெயர் வைக்க மாட்டார்கள். ஒரு கிணற்றிலிருந்து அடுத்த கிணறுவரை தன் காலால் நடந்த பிறகுதான் பெயர். தாய் தூக்கியே பழக்கியதால் ஒருவனுக்கு முப்பது வயதில்தான் பெயர் கிடைத்ததாம்.

"எங்கடை வீட்டிலையும் அப்பிடி ஒண்டு இருக்கு. பெயரைத்தான் அவசரப்பட்டு வைச்சிட்டம்" என்றார் அண்ணை.

கதை தொடங்கியது. நாங்கள் உப்பு வியாபாரிகள், வழி தவறியவர்கள், தோல்பையில் நீர் இல்லை. ஜன்னலுக்கு வெளியே பார்க்கிங்கில் பனி வழித்துக்கொண்டிருந்தார்கள். கதையில் மணல்மேட்டுக்கு அப்பால் கூடாரங்கள் தெரிந்தன. கிணற்றடியில் ஒரு மணலாள் மரக்கோப்பையில் நீர் மொண்டு, தான் ஒரு மிடறு குடித்து, விளிம்பைத் துடைத்து எங்களிடம் நீட்டினாள்.

"ஐயோ வேண்டாம், இப்பதான் குடிச்சனாங்கள்" என்றார் அண்ணை.

முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் அன்ரியும் வேண்டாம் என்றார். கோயம்புத்தூரிலிருந்து வந்த கணினிக்காரர், "பரவால்லைங்க, சிரமப்படாதீங்க" என்றார். நானும் தலையாட்டி மறுத்தேன். தாகத்தில் சாகக் கிடந்த நால்வரும் மறுத்து முடித்தோம்.

சிநேகிதி மெல்லிய குரலில் தொடர்ந்தார். மணலாள் கோப்பையை மண்ணில் கவிழ்த்தாள். யாரும் கோபிக்கவில்லை, ஆயுதம் எடுக்கவில்லை. கூடாரங்களை மடித்தார்கள், கிணற்றை ஒரு பாறையால் மூடினார்கள், வரிசையாக நடந்தார்கள். கடைசி ஆள் முள்கிளையால் காலடித் தடங்களை அழித்துக்கொண்டே போனான்.

ஒரு குளிர்காலத்து உழைப்பு மணல்மேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. கணினிக்காரர் இரக்கப்பட்டு, இந்த ஒரு தடவை அந்தப் பெண் மறுபடி கோப்பையை நீட்டியதாக வைத்துக்கொள்ளலாமே என்றார்.

"ஏலாது. அவைக்கு எங்களைத் தெரியாது. நான் இப்ப மாத்தினால், பிறகு அங்கை அவை இல்லை. நான் மட்டும்தான் இருப்பன்" என்றார் சிநேகிதி.

அண்ணையின் கை சீட்டுக்கட்டுக்குப் போனது. அதைத் தட்டி விளிம்பு சேர்த்தார். சிநேகிதி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை, தண்ணி வேண்டாம் எண்டதுக்கோ உவ்வளவும்?" என்றார் அண்ணை. அவருக்கு உண்மையிலேயே மனம் பொறுக்கவில்லை. கட்டைக் கீழே வைத்துவிட்டு, பின்னால் போய் அந்த முள்கிளைக்காரனைப் பிடிக்க வேண்டும் என்றார்.

போனோம். ஒரு மூட்டை உப்பை அவன் முன் வைத்தோம். அவன் மூட்டையைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டு போனான். அண்ணை நீளமாகச் சமாதானம் பேசிவிட்டுப் பகடையை உருட்டினார். பெரிய எண் விழுந்தது. அவன் முழுவதையும் கவனமாகக் கேட்டான் என்றார் சிநேகிதி. கேட்டுவிட்டுப் பெருக்கினான்.

அன்ரிதான் கண்டுபிடித்தார். முதியோர் இல்லத்தில் தான் ஒரு வாய் தின்று காட்டினால்தான் சாப்பிடும் ஆட்கள் இருக்கிறார்களாம். "அவ முதல் தான் குடிச்சுக் காட்டினவ, நஞ்சில்லை எண்டு. நாங்கள் அதுக்குப் பிறகும் வேண்டாம் எண்டிட்டம். இனி அவை நீட்ட மாட்டினம். நாங்கள்தான் கேக்கவேணும்."

மேசையில் ஒரு சங்கடம் பரவியது. கொலைகாரர்களோடு சண்டை போடச் சொன்னால் உடனே பகடையை எடுத்திருப்போம். அடுத்தவரிடம் வாய்விட்டு ஒன்றைக் கேட்பது எங்கள் நால்வருக்கும் வராது. அன்ரி என்னைப் பார்த்தார். நான் கணினிக்காரரைப் பார்த்தேன். அவர் பகடையைப் பார்த்தார்.

அண்ணை தொண்டையைச் செருமினார். "தம்பி, எனக்குத் தண்ணி விடாயா இருக்கு. கொஞ்சம் தாங்கோ."

அவன் முள்கிளையைக் கீழே போட்டான். இடுப்பிலிருந்த தண்ணீர்த் தோல்பையைத் திறந்து ஒரு மிடறு குடித்துவிட்டு நீட்டினான். அண்ணை மேசைக்கு மேலே வெறுங்கையை நீட்டி வாங்கி, அண்ணாந்து குடித்தார். முன்னால் போன வரிசை ஒவ்வொருவராக நின்றது, திரும்பியது. இதைச் சொல்லும்போது சிநேகிதியின் குரல் உயர்ந்து வேகமாகிவிட்டது. கூடாரங்களை மறுபடி போட்டார்கள். வாசல்கள் இம்முறை எங்கள் பக்கம் பார்த்திருந்தன. மணலாரின் வழக்கப்படி அதற்கு என்ன பொருள் என்று கேட்டேன். இனி நீங்களும் கூட வருகிறீர்கள் என்று பொருள் என்றார்.

அப்போதுதான் நேரத்தைப் பார்த்தோம். தேநீர் வேளை எப்போதோ கடந்திருந்தது. சிநேகிதி பழக்கத்தில் கேத்தலை நோக்கி எழுந்தார்.

"நீர் எழும்பாதையும்" என்றார் அண்ணை. "நீர் எழும்பினால் அவையும் எழும்பிப் போயிடுவினம்."

அவரே போய்க் கேத்தலை வைத்தார். அங்கிருந்தபடி, ஆருக்கெல்லாம் தேத்தண்ணி என்று கேட்டார். எல்லோரும் ஓம் என்றோம், கணினிக்காரரைத் தவிர. அவர், "எனக்கு வேண்டாங்க" என்றார்.

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம்.

"சர்க்கரை மட்டும்தாங்க வேண்டாம்" என்றார்.