ரிஜெக்ட் தண்ணீர் போன கிணறு

ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் யுட்டிலிட்டி மெயின்டெனன்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கம்ப்ரஸர், பாய்லர், ஆர்.ஓ. பிளான்ட் எல்லாம் என் பொறுப்பு. இந்தக் காலத்தில் கம்பெனி டி-ஷர்ட்டை மாட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சேவைக்குப் போகிறீர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெருமையாகச் சொல்ல இதில் ஒன்றுமில்லை.

1. திறப்பு விழாவுக்கு இரண்டு நாள்

மணிமங்கலம் தாண்டி ஒரு ஊருக்குக் கம்பெனி சார்பில் குடிநீர் ஆர்.ஓ. பிளான்ட் கொடுத்தோம். ஃபிட்டிங் வேலை முழுக்க எங்கள் ஆட்கள்தான். வீக்லி ஆஃபை விட்டுவிட்டு ஆறு பேர் வந்தார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

எல்லாம் முடிந்த பிறகுதான் கவனித்தேன், ரிஜெக்டுக்கு வழியே இல்லை. ஆர்.ஓ.வில் பாதித் தண்ணீர் நல்ல தண்ணீராக வரும். மீதிப் பாதி உப்பையெல்லாம் சுமந்துகொண்டு ரிஜெக்டாக வெளியே போகும். டிராயிங்கில் ‘டிரெய்ன்’ என்று கோடு போட்டிருந்தது. போட்ட மகராசன் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. அங்கே கால்வாய் ஏது?

எச்.ஆர். மேனேஜருக்குப் போன் போட்டேன்.

“தேவராஜ், வியாழக்கிழமை எம்.டி. வராரு. சேறும் சகதியுமா நின்னா போட்டோல அசிங்கமா இருக்கும். எங்கியாவது உட்டுத் தொலைங்க” என்றார்.

பிளான்டுக்குப் பின்னால் ஒரு திறந்த கிணறு இருந்தது. “அது பாழுங்கெணறு சார், யாரும் தொடுறதில்ல” என்றார் பஞ்சாயத்து ஆள். அப்பாடா என்று பைப்பை அங்கே இழுத்தேன்.

பைப்பின் கடைசி வளைவுக்குப் பசை தடவும்போது ஓர் அம்மா கீரைக்கூடையோடு வந்து நின்றாள். பெயர் கன்னியம்மா. பஞ்சாயத்து ஆள் சொன்னது தப்பு; அந்தக் கிணற்றில் மோட்டார் வைத்துப் பதினைந்து சென்டில் கீரை போட்டுப் படப்பைச் சந்தையில் விற்கிறவள்.

“இன்னா சார், எங்கெணத்துல பைப்பு உடுறீங்க?”

“தண்ணிதாம்மா.”

“நல்ல தண்ணியா?”

“தண்ணிதானே. உன் கெணறு ரொம்பிகினு இருக்கும். உனக்குத்தான் லாபம்.”

அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னேன். கம்பெனிக்குள் ஒரு டிரெய்னி இப்படி ரிஜெக்ட் லைனைக் கிணற்றில் விட்டிருந்தால் செவுளில் அறைந்திருப்பேன். தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்லவே முடியாது.

2. மீட்டர்

இரண்டு கோடை கழித்து பிளான்டின் மெம்ப்ரேன் ஃபில்டரை மாற்றப் போனேன். கன்னியம்மா என்னைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப்போனாள். அரைக்கீரை நுனியெல்லாம் கருகிக் கிடந்தது. பாத்தி ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது.

“மருந்தடிச்சேன், எரு போட்டேன், ஒண்ணும் கேக்கல சார். இன்னான்னு பாரு.”

கிணற்றுத் தண்ணீரில், உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை விட்டேன். மூவாயிரத்தைத் தாண்டியது. மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு, “வெயில்தாம்மா” என்றேன். சே, என்ன மனுஷன் நான்!

எச்.ஆரிடம் சொன்னேன். “பிளான்ட்ட பஞ்சாயத்துக்கு ஹேண்ட்ஓவர் பண்ணியாச்சு. இப்ப நாமளே வாயக் குடுத்து மாட்டிக்கணுமா?” என்றார். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு இரண்டு ஆட்களோடு போய் லைனைக் கட் பண்ணி, தூரத்தில் ஒரு பள்ளம் வெட்டி அதில் விட்டேன். கிணற்றை இறைத்துக் கொட்டினோம். ஊறி வந்த தண்ணீரும் கரித்தது. மண் சிமென்ட் மாதிரி இறுகிவிட்டிருந்தது. கன்னியம்மா அந்த வருஷத்தோடு கீரை போடுவதை நிறுத்தினாள்.

3. ஹவுஸ்கீப்பிங்

மறு வருஷம் எங்கள் கம்பெனியில் துப்புரவு வேலைக்குக் கான்ட்ராக்டர் வேனில் வந்து இறங்கிய பெண்களில் அவளும் ஒருத்தி. நீலக் கோட்டு, கையில் மாப்பு. அந்த ஆண்டுச் சேவை அறிக்கையில் ‘உள்ளூர்ப் பெண்களுக்கு வேலைவாய்ப்பு’ என்று எழுதினார்கள்.

ஒரு வாரம் அவள் கண்ணில் படாமல் சுற்றினேன். பிறகு முடியவில்லை. கம்ப்ரஸர் ரூம் வாசலைத் துடைத்துக்கொண்டிருந்தவளிடம் போய், பைப்பைப் போட்ட அன்றைக்கே அது உப்புத் தண்ணீர் என்று எனக்குத் தெரியும், கேட்டதற்குப் பொய் சொன்னேன் என்று சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை.

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்” என்றாள். “எங்கொல்லை மூலையில நானே பள்ளம் நோண்டி உட்டிருப்பேன். எம் பேரப்புள்ளைங்களும் அந்தப் பிளான்ட்டு தண்ணிதான குடிக்குதுங்க? ஒரு மூலைய நான் குடுத்திருக்க மாட்டேனா?”

அவள் தரையைத் துடைத்துக்கொண்டே அடுத்த வாசலுக்குப் போய்விட்டாள்.

சேவைக்குக் கிளம்பும் தம்பிகளே, தங்கைகளே! கொடுக்கிறவர்கள் நாம் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். கழிவு எங்கே போகிறது என்று பாருங்கள். போகிற இடத்துக்காரரிடம் உண்மையைச் சொல்லி, இடம் கேளுங்கள். நான் கேட்டிருந்தால் ஒரு மூலையோடு போயிருக்கும். கேட்காததால் அவளுடைய பதினைந்து சென்டும் போயிற்று.