ஸ்பானரில் மாட்டிய குழாய்

அன்று கெமண்டைன் பேட்டையில் எங்கள் பட்டறையில் இருந்தவர்கள்: நான், லேத் ஓட்டும் கூட்டாளி ஆரோக்கியம், வெல்டிங் செய்யும் கோ டின். மூன்றே பேர். வெளியாள் யார் காதிலும் எதுவும் விழவில்லை... விழவில்லை என்றுதான் இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

கோ டின் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். பர்மியப் பேப்பரில் எனக்குப் படம் மட்டும்தான் புரியும். இருந்தும் கோ டின் என்னை 'ஸயா' என்பார்; வாத்தியார் என்று அர்த்தம்.

"ஸயா, துப்பாக்கிச் சட்டத்தை மாத்திட்டாங்க. நாட்டுத் துப்பாக்கி வச்சிருக்கிறவங்க மாசக் கடைசிக்குள்ள ஸ்டேஷன்ல குடுத்துடணுமாம்."

"நம்மகிட்ட ஏது துப்பாக்கி?"

"முழுசா இருக்க வேணாமாம். குழாய், விசை... ஒரு உறுப்பு இருந்தாலும் துப்பாக்கிக் கணக்குதான்."

ஆரோக்கியம் லேத்தை நிறுத்தினான். மூன்று பேரும் ஒரே மூலையைப் பார்த்தோம்.

அங்கே எங்கள் பெரிய ஸ்பானர். அதன் கைப்பிடியில் ஒரு நீளக் குழாய் — இறுகிய நட்டை நெம்புவதற்காக. சிரியம் பக்கத்து விவசாயி ஒருவர், பன்றி விரட்டும் துப்பாக்கியிலிருந்து கழற்றிப் போட்டுவிட்டுப் போனது. வெடித்த முனையை வெட்டிவிட்டு நாங்கள் வைத்துக்கொண்டோம். நேற்று வரை இரும்பு. இன்று துப்பாக்கி. அது இருந்த இடத்தில்தான் இருந்தது. சட்டம்தான் நகர்ந்து வந்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டது.

"ஆத்துல வீசிடுவோம்ணே. தீர்ந்துது!" என்றான் ஆரோக்கியம்.

தீருமா? போன ஆயுத பூஜைக்குச் சாமான்களையெல்லாம் கழுவி வரிசையாக வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, போட்டோ எடுத்தோமே! நட்டநடுவில் அந்தக் குழாய். அதற்கு மாலை வேறு. அந்தப் போட்டோவைப் பொரிகடலையோடு வாடிக்கைக்காரர்களுக்கெல்லாம் கொடுத்தேன். ஒன்று போலீஸ் ஸ்டேஷன் சுவரிலேயே தொங்குகிறது. சார்ஜண்ட் ஊ சானின் சைக்கிள் எங்களிடம்தான் ரிப்பேருக்கு வரும்.

"மாலை போட்டது நீங்கண்ணே. நான் மாதா கோயில் ஆளு, என்னை விட்ருங்க!"

ஒப்படைத்துவிடலாம். ஆனால் எப்படிக் கொண்டுபோவது? பாயில் சுற்றினேன் — துப்பாக்கி மாதிரியே இருந்தது. இடுப்பில் கட்டும் லோஞ்சியில் சுற்றினேன் — இன்னும் அசலாக இருந்தது! வழியில் பிடித்தால்? நானாகப் போனதும் உள்ளே தள்ளினால்? பட்டறைக்குப் பூட்டுப் போட்டால் மூன்று குடும்பமும் எங்கே போகும்? வாசலில் சைக்கிள் மணி அடித்தாலே குழாயைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் ஓடினேன்.

"இப்படியே யோசிச்சா ஸ்டேஷனே இங்க வந்துடும், ஸயா," என்றார் கோ டின்.

கடைசியில் ஸ்பானரோடு சேர்த்துத் தோளில் வைத்துக்கொண்டு, பட்டப்பகலில் ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

"என்ன மாஸ்டர், ஜீப் டயரைக் கழட்டவா?" என்று பர்மியில் கேட்டுச் சிரித்தார் ஊ சான். விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. குழாயை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"முனையை வெட்டினது யாரு?"

வெட்டியது ஆரோக்கியம். பிள்ளைகுட்டிக்காரன்.

"நான்தான்."

"வெட்டினாலும் துப்பாக்கி செஞ்ச கணக்குதான். தெரியுமா?"

அவர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். போட்டோவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இத்தனை நாளா இது என் தலைக்கு மேலயா தொங்கிச்சு? மேலதிகாரி கண்ல பட்டிருந்தா என் வேலையில்ல போயிருக்கும்!"

போட்டோவைக் கழற்றி மேஜை இழுப்பறைக்குள் போட்டார். பிறகு எழுதினார்: 'ஓட்டைக் குழாய் ஒன்று. தானாகவே வந்து ஒப்படைத்தார்.' வழக்கு இல்லை!

பெருமூச்சு விட்டிருப்பேன். அதற்குள் காலண்டரைக் காட்டினார். யோசித்து யோசித்துக் கெடு முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. முன்பே வந்திருந்தால் ஒரு காசு செலவில்லையாம்.

சட்டம் என்னை விட்டுவிட்டது. என் பயம்தான் விடவில்லை. தாமதத்துக்கு அபராதம் நூறு சாட். கையில் இருந்த நாற்பதைக் கட்டிவிட்டேன்.

பாக்கி அறுபது.